கொழும்பு மேசையோ சுண்டிக்குளத்து வெளியோ: பிசிக்ஸ் முடிச்ச தம்பிக்கு ஒரு கணக்கு

சித்தியின்ர மகன் இந்த வருசம் பிசிக்ஸ் ஸ்பெஷல் முடிச்சிட்டான். போன ஞாயிறு பின்னேரம் நானும் அவனும் இரணைமடுக் குளக்கட்டில நடந்துகொண்டு போகேக்க நடுவில நிண்டு, "அக்கா, ரெண்டு வேலை கைக்கு வந்திருக்கு, எதுக்குப் போறதெண்டு சொல்லுங்கோ" எண்டு கேட்டான். ஒண்டு கொழும்பில, விஞ்ஞானக் கொள்கை சம்பந்தப்பட்ட இடம் ஒண்டில ஆய்வு உதவியாளர், 2 வருசக் கொன்ராக்ற். மற்றது அவன்ர கூட்டாளியள் மூண்டு பேர் சேர்ந்து தொடங்கப்போற வேலை, சுண்டிக்குளம், நந்திக்கடல், மன்னார் எண்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் பறவை காட்டுறது, கயாக் எண்ட சின்னத் துடுப்பு வள்ளம் ஓடுறது, கூடாரம் அடிச்சுத் தங்கவைக்கிறது, அதில இவனும் ஒரு பங்கு.

நான் அந்த இடத்தில பதில் சொல்லேல்ல. ஏனெண்டா ரெண்டிலயும் பாதி பாதி நான் பாத்தனான். கம்பஸ் முடிச்சு வேலை இல்லாமல் கிடந்த காலத்தில 3 வருசம் கண்ணிவெடி அகற்றுற வேலையில வெளியில நிண்டனான், வெயிலுக்குள்ள, தலையில கவசத்தோட. பிறகு 2 வருசம் கொழும்பில ஏசிக்குள்ள இருந்து தண்ணி பற்றின அறிக்கையள் எழுதினனான். இப்ப கிளிநொச்சியில பிசிக்ஸ் படிப்பிக்கிறன். அவனுக்குச் சொல்ல யோசிச்சதை அவனைப் போல நிக்கிற மற்றப் பிள்ளையளும் வாசிக்கட்டுமெண்டுதான் எழுதுறன். ரீச்சர் வேலைக்கும் பிஎச்டிக்கும் போகலாம்தானே எண்டு கேக்கிற ஆக்களுக்கு, ஓம் போகலாம், அதைப்பற்றிச் சொல்ல ஊரில ஆயிரம் பேர் இருக்கினம், நான் இதில அதுக்குள்ள போகேல்ல.

முதல்ல கொள்கை வேலை. அது என்னெண்டு சித்தி கேட்டதுக்கு நான் 2021 பசளையைத்தான் சொன்னனான். அந்த வருசம் ஏப்ரல் கடைசி, மே மாதம் அளவில ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டினவை, நவம்பரில திருப்பி விட்டவை, அதுக்கிடையில காலபோகம் விதைச்ச சனம் பட்ட பாடு வன்னியில வயல் வைச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், எங்கட வயலிலயும் பயிர் மஞ்சள் பத்தி நிண்டது. இப்ப ஒரு பிசிக்ஸ் பிள்ளை என்ன செய்யும் எண்டு பாருங்கோ. யூரியாவில நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அப்ப 100 கிலோ யூரியாவில 46 கிலோ. கூட்டெருவில நல்லதெண்டாலும் நூற்றுக்கு 1, 1.5 அந்தளவுதான் இருக்கும், அப்ப அதே 46 கிலோ நைதரசனுக்கு 3 தொன்னுக்கு மேல, சிலவேளை 4.6 தொன் எரு வேணும். அதுவும் உடன பயிருக்குக் கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் கரையும். 5 ஏக்கர் செய்யிற ஒரு கமக்காரன் அவ்வளவு எருவை எங்க எடுக்கிறது, எந்த உழவு மிசினில ஏத்துறது, ஆரை வைச்சு விசிறுறது? பெருக்கலும் பிரித்தலும்தான் இதில இருக்கு, ஓஎல் பிள்ளையும் செய்யும். ஆனா முடிவு எடுக்கிற மேசையில இந்தக் கணக்கு எழுதின தாள் ஒண்டு கிடந்து, அதை ஒருத்தர் எழும்பி வாசிச்சு, மற்றவை கேட்டிருக்க வேணும். அந்தத் தாளை எழுதுறதும் அதைக் கேக்கவைக்கிறதும்தான் கொள்கை வேலை.

எச்சரிச்ச ஆக்கள் இல்லாமல் இல்ல. விவசாயப் பேராசிரியர்மார் முன்கூட்டியே சொன்னவை, கேக்கப்படேல்ல. இதையும் தம்பிக்கு மறைக்காமல் சொல்லவேணும், ஏனெண்டா இந்த வேலையில மனுசரை உடைக்கிறது இதுதான், சரியான கணக்கைக் கையில வைச்சுக்கொண்டு பிழையான முடிவு நடக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டி வரும்.

இந்த இடத்தில எனக்குப் பிடிச்ச ஒரு ஆள் ஜோன் ரின்டால். அயர்லாந்தில பிறந்த பௌதிகவியலாளர். 1859இல இருந்து வாயுக்கள் வெப்பத்தை எப்பிடி உறிஞ்சுது எண்டு ஆய்வுகூடத்தில அளந்தவர், நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும் எண்டு அளந்து காட்டினது அவர், இண்டைக்குக் காலநிலை மாற்றம் எண்டு உலகம் முழுக்கக் கதைக்கிறதுக்கு அடியில அந்த அளவீடு கிடக்கு. அதே ஆள்தான் 1861இல அல்ப்ஸ் மலையில 4,506 மீற்றர் உயரமான வைஸ்ஹோர்ன் சிகரத்தில முதன்முதல் ஏறின குழுவையும் கொண்டு போனவர். பனிப்பாறை எப்பிடி நகருது எண்டு பாக்கப் போய் மலை ஏறப் பழகினவர். பிறகு 1867இல இருந்து வெளிச்சவீடுகளுக்குப் பொறுப்பான அமைப்புக்கு விஞ்ஞான ஆலோசகரா இருந்து, மூடுபனிக்குள்ள சத்தம் எவ்வளவு தூரம் போகும் எண்டெல்லாம் கடலில நிண்டு பரிசோதிச்சவர். 1883இல, வேறொருத்தர் கண்டுபிடிச்ச வெளிச்ச முறையை நியாயமாக் கணக்கில எடுக்கேல்ல எண்டு முரண்பட்டு அந்தப் பதவியை விட்டவர். தம்பிக்கு முன்னால கிடக்கிற ரெண்டும் அந்த ஒரு மனுசன்ர வாழ்க்கைக்குள்ள இருந்திருக்கு, ஆலோசகர் வேலையில வாற கசப்பும் சேத்து.

எங்கட நாட்டில இருந்து எண்டா மொகான் முனசிங்க. பொறியியல் படிச்சு, பிறகு பௌதிகவியலில கலாநிதிப் பட்டம் எடுத்து, வலு, அபிவிருத்தி எண்டு போய், காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவுக்கு உபதலைவரா இருந்தவர். 2007இல அந்தக் குழுவுக்கு அல் கோரோட சேர்த்து நோபல் சமாதானப் பரிசு கிடைச்சது. இந்தியாவில இராஜகோபால சிதம்பரம், பௌதிகவியலாளர், கிட்டத்தட்ட 16 வருசம் அரசாங்கத்துக்கு முதன்மை விஞ்ஞான ஆலோசகரா இருந்தவர். அப்ப வழி எண்டு ஒண்டு இருக்கு.

ஆனா இஞ்ச அந்த வழி எவ்வளவு ஒடுக்கம் எண்டதையும் பாக்கவேணும். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறது மொத்த உள்நாட்டு உற்பத்தியில 0.1 வீதம் அளவில. விளங்கிறமாதிரிச் சொன்னா, நாடு நூறு ரூபா உழைச்சா அதில ஏறத்தாழப் பத்துச் சதம். தென்கொரியா 4 ரூபாவுக்கு மேல போடுது. 1998இல இருந்து தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கு, 1944இல தொடங்கின விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் இருக்கு, அமைச்சுகளில சில மேசையள் இருக்கு, வெளிநாட்டு நிதியில ஓடுற ஆய்வு நிறுவனங்கள் கொஞ்சம் இருக்கு. அவ்வளவுதான். நிரந்தர இடம் குறைவு, கூடுதலாக் கொன்ராக்ற், கொன்ராக்ற் முடிய அடுத்த நிதி வருமோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது. அமெரிக்காவில 1973இல இருந்து விஞ்ஞானியளைக் கொங்கிரசுக்கும் அரச திணைக்களங்களுக்கும் ஒரு வருசம் ரெண்டு வருசம் அனுப்பிப் பழக்கிற புலமைத் திட்டம் ஒண்டு நடக்குது, நல்ல திட்டம், ஆனா அமெரிக்கக் குடியுரிமை வேணும், அங்க இருக்கிற எங்கட மச்சான் மச்சாளுக்குச் சரிவரும், மாங்குளத்தில இருக்கிறவனுக்குச் சரிவராது.

அப்ப ஏன் நான் அந்தப் பக்கம் சாயிறன்?

வன்னியில இப்ப கிடக்கிற பெரிய கேள்வியளை எடுத்துப் பாருங்கோ, எல்லாத்துக்குள்ளயும் ஒரு அளவீடு இருக்கு, ஒரு முடிவும் இருக்கு. மன்னாரில காற்றாலை. அங்க இருக்கிற தம்பபவனி எண்ட காற்றாலையில 30 காற்றாடி, ஒண்டு 3.45 மெகாவாற், மொத்தம் 103.5, 2020 டிசம்பரில திறந்தது. காத்தில இருந்து வாற வலு வேகத்தின்ர மூண்டாம் அடுக்குக்கு ஏத்த மாதிரிக் கூடும், செக்கனுக்கு 6 மீற்றர் அடிக்கிற இடத்தையும் 8 மீற்றர் அடிக்கிற இடத்தையும் ஒப்பிட்டா வேகம் மூண்டில ஒரு பங்குதான் கூட, வலு 2.4 மடங்குக்குக் கிட்ட. அதாலதான் எல்லாரும் மன்னாரையும் பூநகரியையும் தேடி வருகினம். அதே மன்னார்தான் மத்திய ஆசியாவில இருந்து பறவையள் இறங்கிற பாதை, வங்காலைச் சரணாலயம் 2010இல இருந்து ராம்சார் ஈரநிலம், உலக அளவில முக்கியமெண்டு பதிஞ்ச இடம். அதானி நிறுவனம் மன்னாரிலயும் பூநகரியிலயும் போட இருந்த பெரிய திட்டத்தை விட்டிட்டு 2025 பெப்ரவரியில விலகினது, ஆனாலும் காற்றாலைக் கேள்வி மன்னார்ச் சனத்தை விட்டுப் போகேல்ல. வெள்ளம் ஓடுற வழி மறிபடுமோ, மீன்பிடிக்கு என்ன நடக்கும், பறவை என்ன பாடு எண்டு சனம் கேக்குது. இதுக்குப் பதில் சொல்ல காத்தும் தெரியவேணும், பறவையும் தெரியவேணும், தமிழிலயும் கதைக்கவேணும். அப்பிடி ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்?

இரணைமடுவை எடுங்கோ. யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணி கொண்டு போற திட்டம் 2010 அளவில வந்தது, எங்கட கமக்காரர் சிறுபோகத்துக்கே தண்ணி காணாது எண்டு எதிர்த்தவை, கடைசியில தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற ஆலை கட்டி 2024இல திறந்தவை. கேக்க நல்ல தீர்வு. ஆனா கடல்தண்ணியை அப்பிடி வடிகட்ட ஆயிரம் லீற்றருக்கு 3, 4 யூனிற் மின்சாரம் தேவை, அந்தச் செலவு மாதாமாதம் ஆரோ கட்டவேணும். குளத்துத் தண்ணிக்கு அந்தச் செலவு இல்ல, ஆனா அதுக்கு விலையா ஒரு போகம் போகலாம். இதில எது சரி எண்டு கணக்கு மட்டும் சொல்லாது, ஆனா கணக்கு இல்லாமல் கதைச்சா ரெண்டு மாவட்டச் சனமும் ஆளையாள் கோவிச்சுக்கொண்டு நிக்கிறதுதான் மிச்சம், அது நடந்தும் இருக்கு.

2018 டிசம்பர் வெள்ளம் எங்களுக்கு மறக்காது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரு இரவுக்குள்ள தண்ணிக்குள்ள போனது. 100 சதுர கிலோமீற்றரில 100 மில்லிமீற்றர் மழை பெய்தா அது 1 கோடி கனமீற்றர் தண்ணி. அதில எவ்வளவு நிலம் குடிக்கும், எவ்வளவு குளத்துக்கு வரும், எத்தினை மணித்தியாலத்தில வரும், வான்கதவை எப்ப எத்தினை அடி திறக்கிறது, கீழ இருக்கிற சனத்துக்கு எப்ப சொல்லுறது. ஒரு பிசிக்ஸ் பிள்ளை பழகின மாதிரி, பிழை எவ்வளவு வரலாம் எண்டதையும் சேர்த்துச் சொல்ல ஆள் வேணும். "மழை வரும்" எண்டு சொல்லுறது வேற, "இவ்வளவு வரும், இதில கால்வாசி கூடக் குறைய இருக்கலாம்" எண்டு சொல்லுறது வேற, ரெண்டாவது கதையில தான் சனம் மாட்டை அவிழ்த்து விடுறதோ நெல்லை மேல ஏத்துறதோ எண்டு முடிவெடுக்கலாம்.

இனி வெளிவேலை. இதைப்பற்றிக் கதைக்கேக்க நான் கொஞ்சம் மெதுவாப் போகவேணும்.

வேற ஊரில சாகசப் பயணம் எண்டா ஆசைக்குக் காடு போறது. எங்களுக்குக் காடு அப்பிடி இல்ல. ஒரு பக்கம் அது சாப்பாடு, பாலைப்பழமும் வீரைப்பழமும் தேனும், ஆடி மாதம் பாலைப்பழம் பழுக்கேக்க அப்பா சைக்கிளில கூட்டிக்கொண்டு போவார், உதடு ஒட்டும், அந்த ருசி எனக்கு இண்டைக்கும் வாயில நிக்குது. மற்றப் பக்கம் 2009, போரின்ர கடைசி மாதங்கள். எனக்கு அப்ப 17 வயசு, கிளிநொச்சியில இருந்து விசுவமடு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு எண்டு கடற்கரை வரைக்கும் நடந்தது. தம்பிக்கு 8 வயசு, அவனுக்கு அரைவாசி ஞாபகம் இல்ல. அவன் கூடார விசயத்தை அம்மாவுக்குச் சொல்ல அம்மா கேட்டா, "ஏன் அப்பன், காசு குடுத்துத் தறப்பாளுக்குள்ள படுக்க ஆர் வருவினம்?" எண்டு. அவன் ஒண்டும் சொல்லேல்ல. எனக்கும் ஒண்டும் வரேல்ல. அம்மாவுக்குத் தறப்பாள் எண்டா மெனிக் பாம், போர் முடிய எங்கட சனத்தை அடைச்சு வைச்ச முகாம்.

ஆனபடியாத்தான் அவன்ர எண்ணத்தை நான் லேசாத் தட்டிவிடேல்ல. நடந்த பாதையிலயே இன்னொருக்கால், பயம் இல்லாமல், கையில பைனாகுலரோட ஒரு வன்னிப் பிள்ளை நடக்கிறது சின்ன விசயமெண்டு நான் நினைக்கேல்ல. அந்த மூண்டு பொடியளும் விளையாட்டுப் பொடியளும் இல்ல, ஒருத்தன் மீன்பிடிக் குடும்பம், கடலும் களப்பும் அவனுக்குத் தெரியும்.

சுண்டிக்குளம் 2015இல இருந்து தேசியப் பூங்கா. மாரி முடியத் தண்ணி வத்தத் தொடங்கேக்க பூநாரையள் வரும், வெள்ளையும் மெல்லிய சிவப்பும், விடியப்புறம் பறக்கேக்க வானம் முழுக்க ஒரு சத்தம். பாத்த ஆக்களுக்குத் தெரியும். மன்னாரில சோளகம் அடிக்கிற மே தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும் பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில ஓடுற ஆக்கள் வெளிநாட்டில இருந்து வருகினம். குளங்களில கயாக். எல்லாம் சரி. ஆனா மாதத்தை எண்ணிப் பாருங்கோ. ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் மழை, கூடாரம் அடிக்கேலாது. பறவைக்கு நல்ல காலம் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் நடுப்பகுதி. ஏப்ரலில பின்னேரம் பின்னேரம் இடி. மே மாதத்துக்குப் பிறகு வெளியில நிக்கேலாத வெயில், மன்னார்க் காத்து மட்டும்தான், அதுக்கு வேற பயிற்சி, வேற சாமான், அதை ஏற்கெனவே செய்யிற ஆக்களோட போட்டி. நான் எண்ணினதில நல்லா உழைக்கக்கூடியது வருசத்தில 4 மாதம், கூடினா 5. நாலு பேர் பங்கு.

உல்லாசப் பயண அதிகாரசபையின்ர வழிகாட்டி அனுமதியும் எடுக்கவேணும், தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, ஒரு இடத்துக்கான வழிகாட்டி எண்டு வகை வகையாக் கிடக்கு. இந்தப் பொடியள் ஒருத்தரும் இன்னும் எடுக்கேல்ல. பூங்காவுக்குள்ள போக வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேற. வன்னியில ஒரு இடத்தில கால் வைக்க முதல் அது ஆற்ற காணி, காடோ வயலோ, அரச வர்த்தமானியில எப்பிடிக் கிடக்கு எண்டு பாக்காமல் போகேலாது, எங்கட சனத்தின்ர எத்தினையோ வயல் கடதாசியில காடாக் கிடக்கு.

பிறகு மிதிவெடி. நான் வேலை செய்த இடத்தில ஒரு நாளைக்கு ஒரு ஆள் துப்புரவாக்கிற நிலம் ஒரு சின்ன அறை அளவு. மெற்றல் டிரெக்ரர் எண்டது ஒரு சுருள், மின்னோட்டம் மாறேக்க காந்தப்புலம் மாறும், மண்ணுக்குள்ள இருக்கிற உலோகத்தில சுழிமின்னோட்டம் வரும், அது திருப்பி ஒரு புலத்தைக் குடுக்கும், அதைத்தான் காதில சத்தமாக் கேக்கிறம். ஏஎல்லில படிச்ச அதே பாடம். ஆனா இரும்புத்தன்மை கூடின சிவப்பு மண்ணும் கத்தும், ஆணியும் கத்தும், சன்னக் கோதும் கத்தும், பிளாஸ்ரிக் மிதிவெடியில உலோகம் துளியளவுதான் இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில இருந்து கையால மண்ணை அரிக்கவேணும். இலங்கை 2017 டிசம்பரில மிதிவெடித் தடை உடன்படிக்கையில சேர்ந்தது, கனக்கத் துப்புரவாக்கியாச்சு, எங்கட பெண்பிள்ளையள் எத்தினையோ பேர் அந்த வேலையில நிண்டு செய்தது, எண்டாலும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இன்னும் சில இடத்தில நிக்குது. பாதை விலகி நடக்கிறதுதான் சாகசம் எண்டு வாற ஆளுக்கு வன்னியில இடம் இல்ல. இதை அந்தப் பொடியள் எழுதி ஒட்டவேணும்.

நந்திக்கடலில கயாக் விடுறதுக்கு நான் நேராவே வேண்டாம் எண்டு சொன்னனான். அங்க இறால் பிடிச்சுச் சீவிக்கிற சனம் இருக்கு, அவையைக் கேக்காமல் அந்தத் தண்ணியில இறங்கக்கூடாது. அதுக்கும் மேல அது என்ன தண்ணி எண்டு எங்களுக்குத் தெரியும். மே மாதத்தில முள்ளிவாய்க்காலில விளக்குக் கொளுத்திற சனத்துக்குப் பக்கத்தில துடுப்புப் போட ஆரும் வரக்கூடாது. தம்பி அதுக்கு உடன தலையாட்டினான், அது எனக்கு நிம்மதி.

ஆபத்து எண்டு பாத்தா குளத்தில முதலை, பின்னேரம் 5 மணிக்குப் பிறகு யானை, சேத்துத் தண்ணியால எலிக்காய்ச்சல், கண்ணாடி விரியன். ஒருத்தருக்குப் பாம்பு கடிச்சா விசமுறிப்பு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எத்தினை மணித்தியாலம் எண்டு ஒவ்வொரு முகாம் இடத்துக்கும் மோட்டர்சைக்கிளில ஓடிப்பாத்து எழுதி வைக்கவேணும் எண்டனான். இதில பிசிக்ஸ் உதவும், உண்மையா உதவும். மின்னல் தெரிஞ்சு சத்தம் கேக்க 3 செக்கன் எண்டா 1 கிலோமீற்றர், 30 செக்கனுக்குள்ள கேட்டா 10 கிலோமீற்றருக்குள்ள நிக்குது, உடன வெளியையும் தண்ணியையும் விட்டு வாகனத்துக்குள்ளயோ வீட்டுக்குள்ளயோ போ. ஈரப்பதன் கூடின நாளில வேர்வை காயாது, காயாட்டி உடம்பு குளிராது, வெப்பமானியில 33 எண்டு காட்டினாலும் ஆள் விழும். இதெல்லாம் தெரிஞ்ச வழிகாட்டி கிடைக்கிறது அருமை.

சாகசத்தை முழுநேரமாக் கையில எடுக்காமல் பெருசாச் செய்த ஆக்களும் எங்களுக்குள்ள இருக்கினம். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல தலைமன்னாரில இருந்து தனுஷ்கோடிக்கு நீந்தித் திரும்பியும் நீந்தி வந்தவர், 51 மணித்தியாலம், அப்ப அவருக்கு 30 வயசும் ஆகேல்ல. அவர் சட்டத்தரணியும்தான். 2016இல எவரெஸ்டில ஏறின முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால, பெண்கள் உரிமை வேலையில இருந்தவா.

இனி என்ர சாய்வுக்குக் காரணம் சொல்லுறன். கொழும்பில நான் இருந்த இடத்தில ஒருநாள் கூட்டம். திரையில வன்னி வரைபடம், செய்மதிப் படத்தை வைச்சு நிலத்தை வகை பிரிச்சிருந்தவை. ஒரு பெரிய இடம் மண்ணிறத்தில "தரிசு நிலம், பயன்பாடு இல்லை" எண்டு கிடந்தது. பாத்தவுடன எனக்கு அடையாளம் தெரிஞ்சுது, அது குளம். படம் எடுத்தது செப்ரெம்பரில, தண்ணி வத்தி வெடிச்சுக் கிடக்கிற நேரம். நான் கை உயர்த்தி, மாரியில அதில வள்ளம் ஓடும், அதுக்குக் கீழ வயல் இருக்கு எண்டு சொன்னன். அறையில இருந்த 14 பேரில ஒருத்தரும் அந்தப் பக்கம் வந்திருக்கேல்ல. எல்லாரும் என்னை விடப் படிச்ச ஆக்கள், கெட்ட ஆக்களும் இல்ல. அண்டைக்கு அந்தப் படம் மாறினது. நான் லீவில நிண்டிருந்தா அது அப்பிடியே அறிக்கைக்குப் போயிருக்கும், அறிக்கையில தரிசெண்டு எழுதின நிலத்தை நாளைக்கு ஆரும் கேக்கலாம்.

அதாலதான் தம்பிக்குச் சொன்னனான், முதல்ல கொழும்புக்குப் போ, ஆனா நிலத்தைக் காலால நடந்து தெரிஞ்ச பிள்ளையாப் போ. 2 வருசத்துக்குப் பிறகு உனக்கு 26, 27 வயசு, பூநாரை அப்பவும் வரும், கயாக் அப்பவும் ஓடலாம், பொடியளுக்கும் அனுமதி எடுத்து இடம் பாத்து முடிக்க அவ்வளவு காலம் தேவைப்படும். பிசிக்ஸ் பட்டம் 4 வருசம் கிடந்து பழசாப் போச்செண்டா கொள்கை மேசைக்குத் திரும்பி ஏறுறது கஸ்ரம், நான் பட்டுப் பாத்தனான். உடம்பு இளசா இருக்கேக்க வெளியில போகவேணும் எண்டு அவன்ர கூட்டாளி சொன்னதை நானும் யோசிச்சுப் பாத்தன், நியாயமான கதைதான், ஆனா 24 வயசுக்கும் 27 வயசுக்கும் இடையில துடுப்புப் போடுற கை தளராது.

ஒண்டு மட்டும், கொன்ராக்றில கையெழுத்து வைக்க முதல் வருசத்தில எத்தினை நாள் வெளிக்கள வேலை எண்டு எழுத்தில கேக்கச் சொன்னனான், வாயால சொன்னா காணாது. வட பகுதி பற்றி எழுதுற அறிக்கை தமிழிலயும் அதே மாதத்தில வருமோ எண்டும் கேக்கச் சொன்னனான், எங்கட சனத்துக்கு ஒரு வருசம் பிந்தித் தமிழில வாற அறிக்கையால பிரயோசனம் இல்ல. ரெண்டுக்கும் இல்லை எண்டு பதில் வந்தா நான் சொன்னதை மறந்திட்டு பொடியளோட போ, அவங்கள் குறைஞ்சது நிலத்தில நிப்பாங்கள், அதில நீ அளக்கிறதை எழுதிவை, குளத்து மட்டம், உப்பு, பறவை எண்ணிக்கை, எல்லாம் திகதியோட. அப்பிடி 2 வருசம் எழுதின கொப்பி ஒண்டு இருந்தா எந்த மேசைக்கும் அதோட போகலாம்.

அவன் கேட்டான், "அக்கா, பங்குக் காசு 50,000 ஏற்கெனவே குடுத்திட்டன், திருப்பிக் கேக்கவோ?" எண்டு. கேக்கவேண்டாம் எண்டனான். அது அங்கயே கிடக்கட்டும், ஜனவரிக் கடைசியில 10 நாள் லீவு எடுத்து வந்து அவங்களோட வேலை செய், அந்த லீவையும் இப்பவே கேட்டு வை.

இன்ரவியூ வாற புதன். செவ்வாய் இரவு பஸ்ஸுக்கு சீற் போட்டாச்சு. சித்தி கறுப்புச் சப்பாத்து வாங்கிக் குடுத்திருக்கிறா, நான் என்ர பழைய பைனாகுலரைத் துடைச்சு வைச்சிருக்கிறன், ஜனவரிக்கு.